எப்போது அளப்பது, எத்தனை முறை அளப்பது: கணினி வலையின் செயல்திறனுக்கு மாதிரியெடுப்பு முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பதிப்பாக வரும் நாளிதழ்களில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் ஏதேனும் ஒரு மூலையில் அச்சாகியிருக்கும். முழு உயரம் 143 அடியான பாபநாசத்துக்கும் 118 அடியான மணிமுத்தாறுக்கும் சாதாரண நாட்களில் காலையில் எடுக்கும் ஒரே அளவு போதும். அணைநீர் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டியதுபோன்ற மழை வந்துவிட்டால் அதே அணைக்கு மணிக்கொரு அளவும் போதாது. அளக்கப்படும் பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் எத்தனை முறை அளக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. கணினி வலையில், பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகளை வழியனுப்பும் ரூட்டரின் வரிசைகள் சில மில்லிநொடிகளில் நிரம்பி, சில மில்லிநொடிகளில் வடிந்துவிடும். அத்தகைய ஒன்றை அணையை அளப்பதுபோல் அளந்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் உள்ள தலைமை இடத்தையும் அம்பாசமுத்திரம், ராதாபுரம் கிளைகளையும் இணைக்கும் ஒரு கல்வி நிறுவனத்தின் வலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்து ஆசிரியர்கள் இணையவழி வகுப்பு அவ்வப்போது அறுந்துபோவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னிடமோ 5 நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தின் 0, 5, 10 ஆவது நிமிடங்களில் துல்லியமாக ஓடும் பிங் (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) பதிவு இருந்தது. நாளொன்றுக்கு 288 அளவுகள், அத்தனையும் நலம். "சார், உங்க கணினியில எல்லாம் சரியா இருக்கும்; எங்க வகுப்புலதான் இல்ல" என்று ஓர் ஆசிரியை சொன்னது இன்றும் நினைவிலிருக்கிறது. அவர் சொன்னதே சரி. வருகைப் பதிவுக் கருவிகளின் தரவைத் தலைமை இடத்துக்கு அனுப்பும் நிரல் 10 நிமிடத்துக்கு ஒரு முறை, 2 ஆவது நிமிடத்தில் தொடங்கி, ஏறத்தாழ 40 நொடிகள் இணைப்பை அடைத்துக்கொண்டிருந்தது. என் பிங் அந்த 40 நொடிகளுக்குள் ஒருநாளும் விழவே இல்லை. அதே 288 அளவுகளை நேரம் மட்டும் சிதறலாக வரும்படி மாற்றியிருந்தால், 600 நொடிகளில் 40 என்ற விகிதப்படி நாளொன்றுக்குச் சராசரியாக 19 அளவுகள் அந்த நெரிசலுக்குள் விழுந்திருக்கும். எண்ணிக்கையில் குறை இல்லை. எடுத்த நேரத்தில்தான் குறை இருந்தது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதற்படி: கேள்வியை எழுதுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன்பு, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். "வலை எப்படி இருக்கிறது?" என்பது அளக்கத்தக்க கேள்வி அன்று. "வேலைநாட்களில் காலை 9 முதல் மாலை 4 வரை, அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை சர்வருக்குச் சென்று திரும்பும் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டும் நேரம் எத்தனை விழுக்காடு?" என்பது அளக்கத்தக்கது. யாருக்கு, எங்கிருந்து எங்கு, எந்த நேரத்தில், எந்த வரம்பு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன.

கேள்வியிலிருந்தே அடுத்த பிரிவு தானாக வந்துவிடும். நாமே சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி அவற்றின் கதியைப் பார்ப்பது செயல்வழி அளவீடு. வலையில் ஏற்கெனவே ஓடும் போக்குவரத்திலிருந்து சிலவற்றைப் பொறுக்கி ஆராய்வது செயலற்ற அளவீடு. தாமதம், இழப்பு, தாமத மாறுபாடு ஆகியவற்றுக்கு முன்னது ஏற்றது. யார் எவ்வளவு அலைவரிசையைப் பயன்படுத்துகிறார்கள், எந்தச் செயலி இணைப்பை நிரப்புகிறது என்பவற்றுக்குப் பின்னது ஏற்றது. இரண்டுக்கும் மாதிரியெடுப்பு வேண்டும் என்றாலும், முன்னதில் நேரத்தையும் பின்னதில் பாக்கெட்டையும் தேர்ந்தெடுக்கிறோம்.

இரண்டாம் படி: வலையின் நாடியைப் பாருங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரியான கூற்றுதான். ஒரே தீயில், ஒரே உலைநீரில், ஒன்றாகக் கொதித்த அரிசி அது. வலையின் ஒரு நாள் ஒரே பானை அன்று. காலை 9 மணிக்கு வருகைப் பதிவு, முற்பகலில் வகுப்புகள், நள்ளிரவில் காப்புநகல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அடுப்பில் வேகும் தனித்தனிப் பானை. ஒவ்வொன்றிலிருந்தும் சோறு எடுத்துப் பார்க்க வேண்டும். புள்ளியியலில் இதனை அடுக்குவாரி மாதிரியெடுப்பு என்பர்: நாளை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் தனியாகச் சமவாய்ப்பில் மாதிரி எடுப்பது. பரபரப்பான அடுக்கிலிருந்து கூடுதலாக எடுக்கலாம். ஆனால் நாள் முழுமைக்கும் ஒரே சராசரி சொல்லும்போது ஒவ்வோர் அடுக்கின் விடையையும் அதன் கால அளவால் எடையிட்டே கூட்ட வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் நேராகக் கூட்டி வகுப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுக்குகளைக் கண்டறிய ஒரு வாரமாவது அடர்த்தியாக, நொடிக்கு ஒன்று என்ற அளவில், முன்னோட்டப் பதிவு எடுத்துப் பாருங்கள். எந்த வாரம் என்பதிலும் கவனம் வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படும் வாரத்தையும் தேர்வு முடிவு வரும் வாரத்தையும் தவிருங்கள். அவை எந்த வாரத்துக்கும் பிரதிநிதியாகமாட்டா. கம்பத்தில் ஏற்றிய ரேடியோ இணைப்பு இருந்தால் பருவத்தையும் ஓர் அடுக்காகக் கொள்ளுங்கள். ராதாபுரம், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்குக் கம்பம் ஆடி ஆன்டெனாவின் திசை விலகக்கூடும்; பங்குனியில் எடுத்த அளவு ஆடிக்குச் செல்லுபடியாகாது. மழையைப் பற்றியும் ஒரு சொல்: 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைத்தான் மழைத்துளிகள் குறிப்பிடத்தக்க அளவில் வலுவிழக்கச் செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு மழையில் படுத்துவிட்டது என்றால், இணைப்பு முனையில் நீர் இறங்கியிருக்கிறதா, மின்தடை ஏற்பட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: நேரங்களைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கருவி) வரியை எழுதிவிட்டுக் கடந்துபோகும் இடம் இது. சற்று நின்று பார்ப்போம்.

சம இடைவெளி மாதிரியெடுப்பு எளிமையானது, ஆராய்வதும் எளிது. ஆனால் வலையின் உள்ளே எண்ணற்ற சீரான துடிப்புகள் இருக்கின்றன: எந்த வழியே அனுப்புவது என்று ரூட்டர்கள் தமக்குள் பரிமாறும் தடச் செய்திகள், காப்புநகல் நிரல்கள், கண்காணிப்புக் கருவிகள். நம் அளவீட்டின் இடைவெளியும் அவற்றின் இடைவெளியும் ஒத்துப்போனால், அவற்றை எப்போதுமே பார்க்கமாட்டோம் அல்லது எப்போதும் அவற்றை மட்டுமே பார்ப்போம். 1992 இல் பெர்க்லியிலிருந்து எம்ஐடிக்கு ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக அனுப்பப்பட்ட பிங்குகளில் 90 நொடிக்கு ஒரு முறை இழப்பு ஏற்படுவது தெரியவந்தது. இடைப்பட்ட ரூட்டர்களில் 90 நொடிக்கொரு முறை நடந்த தடச் செய்திப் பரிமாற்றம் அதற்குக் காரணம். சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் இதை முன்வைத்தே, தனித்தனியாக ஓடத் தொடங்கும் சீரான செயல்கள் காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒத்திசைந்துவிடுவதை விளக்கினார்கள். அந்த பிங்குகள் 90 நொடிக்கு ஒன்றாகப் போயிருந்தால், ஒன்று வலை முழுக்க நலம் என்றோ, வலை முழுக்கப் பாழ் என்றோ முடிவாகியிருக்கும்.

இதற்கு மாற்றாக 1998 இல் வெளியான, ஆர்எஃப்சி 2330 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் பாய்சான் மாதிரியெடுப்பைப் பரிந்துரைத்தது. அதில் இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட நேரம் ஒவ்வொரு முறையும் அடுக்குக்குறிப் பரவலிலிருந்து (குறுகிய இடைவெளிகள் அதிகமாகவும் நீண்டவை அரிதாகவும் வருவது) புதிதாக எடுக்கப்படுகிறது. அடுத்த சோதனை எப்போது வரும் என்பதை முந்தைய சோதனையிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது. எனவே எந்தத் துடிப்போடும் அது ஒத்துப்போகாது. ரொனால்ட் வுல்ஃப் 1982 இல் நிறுவிய தேற்றத்தின்படி, பாய்சான் முறையில் வருகிறவை காணும் நிலை, வலையின் காலச் சராசரி நிலையாகவே இருக்கும். இதைச் செய்வது கடினமன்று. 0 க்கும் 1 க்கும் இடையே சமவாய்ப்பு எண் ஒன்றை எடுங்கள். அதன் இயல் மடக்கையைக் கண்டு குறியை மாற்றுங்கள். நீங்கள் விரும்பும் சராசரி இடைவெளியால் பெருக்குங்கள். சராசரி 10 நொடி என்றால், 0.5 வந்தபோது 6.9 நொடியும், 0.9 வந்தபோது 1.05 நொடியும், 0.05 வந்தபோது ஏறத்தாழ 30 நொடியும் காத்திருக்க வேண்டும். மிக நீண்ட இடைவெளிகள் தொல்லையானால் ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்ததைப் பதிவேட்டில் குறித்துவிடுங்கள்.

பாய்சானே ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். சோதனைப் பாக்கெட்டே வலையின் நிலையைச் சற்று மாற்றிவிடுகிறது என்பதைக் கணக்கில் கொண்டு, 2006 இல் பச்செல்லியும் உடன் ஆய்வாளர்களும், நினைவு விரைவில் அழியும் வேறு சமவாய்ப்பு இடைவெளிகளும் அதே வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். அடுத்தடுத்த சோதனைகள் மிக நெருங்கி விழாதபடி, சராசரிக்கு இருபுறமும் ஓர் எல்லைக்குள் சீராகப் பரவிய இடைவெளிகளைப் பயன்படுத்தினால், பல வேளைகளில் அதே எண்ணிக்கைக்குச் சிதறல் குறைந்த விடை கிடைக்கிறது. நடைமுறையில் 5 முதல் 15 நொடிவரை ஏதோ ஒரு நேரம் காத்திரு என்று எழுதினாலே பெரும்பாலான வலைகளுக்குப் போதும் என்பது என் கருத்து.

அப்படியானால் சம இடைவெளி முற்றிலும் தவறா? இல்லை. குரல் அழைப்பே சம இடைவெளியில்தான் போகிறது: ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. அந்த அழைப்பு எப்படிக் கேட்கும் என்பதை அறிய, அதே அளவில், அதே இடைவெளியில் அனுப்பினால்தான் உண்மை தெரியும். 2002 இல் வந்த ஆர்எஃப்சி 3432 இத்தகைய ஓட்டங்களுக்கானதே. ஓட்டம் தொடங்கும் நேரத்தைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கவும், ஓட்டத்தின் நீளத்துக்கு எல்லை வைக்கவும் அது சொல்கிறது. 10 நொடிகளில் 500 பாக்கெட்டுகள் கொண்ட சிறு ஓட்டங்களை ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் சமவாய்ப்பு நேரங்களில் தொடங்கினால், ஓட்டத்துக்குள் ஒழுங்கும் ஓட்டங்களுக்கிடையே சிதறலும் கிடைக்கும். இணையவழி வகுப்புகள் நடக்கும் வலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

நான்காம் படி: எத்தனை போதும்?

இது கேள்வியைப் பொறுத்தது. இழப்புக்கு ஒரு கணக்கு, தாமதத்துக்கு வேறு கணக்கு. 1,000 பாக்கெட் அனுப்பி ஒன்றும் தொலையவில்லை என்றால் இழப்பு பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 3 ஐ எண்ணிக்கையால் வகுத்தால், 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு, உண்மையான இழப்பு 0.3 விழுக்காடுவரை இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இழப்பு 1 விழுக்காட்டின் அருகே இருக்கும்போது அதை 0.2 விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்ல ஏறத்தாழ 9,500 பாக்கெட்டுகள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 10 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளுக்கும் மேல். ஒரு மணி நேர அடுக்குக்கு இந்தத் துல்லியம் வேண்டுமானால், பல நாட்களின் அதே மணி நேரத்தைச் சேர்த்தே பெற வேண்டும்.

தாமதத்தின் சராசரியில் எனக்கு நம்பிக்கை குறைவு. பயனர்கள் நொந்துகொள்வது வால்பகுதியை, அதாவது எப்போதாவது வரும் மிக நீண்ட தாமதங்களைப் பற்றித்தான். அதற்கு 95 ஆவது, 99 ஆவது விழுக்காட்டுமானங்களை (அளவுகளில் 95 அல்லது 99 விழுக்காடு எந்த மதிப்புக்குள் அடங்குகிறதோ அதை) பார்க்க வேண்டும். 200 அளவுகள் மட்டும் எடுத்தால், அத்தனையும் உண்மையான 99 ஆவது விழுக்காட்டுமானத்துக்குக் கீழேயே விழுந்துவிடும் வாய்ப்பு 13 விழுக்காடு. 500 ஆனால் அது 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. அப்போதும் வரம்பைத் தாண்டியவை ஏறத்தாழ ஐந்துதான் என்பதால் எண்ணைத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. சில ஆயிரங்கள் இருந்தால்தான் நான் 99 ஐ வெளியில் சொல்வேன்.

இந்தக் கணக்குகள் எல்லாம் அளவுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளில் நிற்பவை. வலை அப்படி நடந்துகொள்வதில்லை. இழப்புகள் கொத்துக் கொத்தாக வரும். ஈதர்நெட் போக்குவரத்தின் ஏற்ற இறக்கம் நொடியளவில் பார்த்தாலும் நிமிட அளவில் பார்த்தாலும் ஒரே சாயலில் இருப்பதை லீலண்டும் உடன் ஆய்வாளர்களும் 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஆகவே ஒரே நாளில் 10,000 அளவு எடுப்பதைவிட, பத்து நாட்களில் நாளொன்றுக்கு 1,000 எடுப்பதே மேல்.

ஐந்தாம் படி: ஓடும் போக்குவரத்திலிருந்து பொறுக்குவதாயின்

ரூட்டரில் ஓடும் எல்லாப் பாக்கெட்டையும் பார்ப்பது இயலாதபோது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒன்று என்று பொறுக்குகிறோம். நெட்ஃப்ளோவும் எஸ்ஃப்ளோவும் இதற்காகப் பரவலாகப் பயன்படுபவை. இங்கே முதல் முடிவு, பாக்கெட்டை எண்ணிப் பொறுக்குவதா, நேரம் பார்த்துப் பொறுக்குவதா என்பது. கிளாஃபி, பாலிசாஸ், பிரவுன் ஆகியோர் 1993 இல் செய்த ஒப்பீட்டில், எண்ணிக்கை வழியே பொறுக்கும் முறைகளைவிட நேரம் வழியே பொறுக்கும் முறைகள் பின்தங்கின. காரணம் புரியக்கூடியதே: நேரம் பார்த்து எடுத்தால் நெருக்கமாக வரும் பாக்கெட்டுகள் குறைவாகவும் இடைவெளி விட்டு வருபவை கூடுதலாகவும் சிக்கும். எண்ணிக்கை வழியில், ஒழுங்காக ஆயிரமாவதை எடுப்பதா, ஆயிரத்துக்குள் ஏதோ ஒன்றைச் சமவாய்ப்பில் எடுப்பதா என்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இருப்பினும் கருவியில் சமவாய்ப்பு வசதி இருந்தால் அதையே இயக்குங்கள்.

துல்லியத்தைத் தீர்மானிப்பது எத்தனைக்கு ஒன்று என்ற விகிதம் அன்று. கையில் விழுந்த மாதிரிகளின் எண்ணிக்கையே. ஒரு செயலியைச் சேர்ந்த மாதிரிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 196 ஐ அதனால் வகுத்தால், 95 விழுக்காட்டு நம்பிக்கையில் பிழையின் விழுக்காடு கிடைக்கும்: 100 மாதிரிக்கு ஏறத்தாழ 20, 10,000 மாதிரிக்கு ஏறத்தாழ 2. ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று பொறுக்கும்போது, இரு கணினிகளுக்கிடையே 10 பாக்கெட்டே கொண்ட ஓர் ஓட்டம் கண்ணில் படும் வாய்ப்பு 1 விழுக்காடுதான். 5,000 பாக்கெட் கொண்ட ஓட்டம் 99 விழுக்காட்டுக்கு மேல் படும். பெரிய பயன்பாட்டாளர்களைக் கண்டறிய இது போதும். ஊடுருவல் முயற்சிகளைத் தேட இதை நம்பக் கூடாது.

கடந்துபோன பைட்டுகளை எண்ணிவைக்கும் ரூட்டர் எண்ணிகளை எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியே படிக்கலாம்; அவற்றைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். 32 பிட் எண்ணி 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 344 நொடியிலும், 1 ஜிபிபிஎஸ்ஸில் 34 நொடியிலும் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எனவே 64 பிட் எண்ணியையே படியுங்கள். அடுத்து, 5 நிமிடச் சராசரி நெரிசலை மறைக்கும். மேலே சொன்ன 40 நொடி அடைப்பு, வேறு போக்குவரத்து இல்லாத 5 நிமிடக் கட்டத்தில் வெறும் 13 விழுக்காட்டுப் பயன்பாடாகத்தான் வரைபடத்தில் தெரியும்.

ஆறாம் படி: கடிகாரமும் இலக்கும்

ஒருவழித் தாமதம் அளக்க இரு முனைகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். இணையத்தின் வழியே வரும் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) பொதுவாகச் சில மில்லிநொடிகள் முதல் சில பத்து மில்லிநொடிகள் வரையிலான பிழைக்குள் ஒத்திசைக்கும். அதனினும் நுண்ணிய விடை வேண்டுமானால் ஜிபிஎஸ் கடிகாரம் தேவை. அந்த வசதி இல்லாதவர்கள் சென்று திரும்பும் தாமதத்தோடு நின்றுகொள்வதே நேர்மை. சோதனையை ரூட்டரின் முகவரிக்கு அனுப்பாதீர்கள். ரூட்டர்கள் தமக்கே வரும் பிங்குக்குப் பதிலளிப்பதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கும். மறுமுனையில் ஒரு சிறு கணினியை வைத்து, உங்கள் செயலி பயன்படுத்தும் அதே வகைப் பாக்கெட்டை, அதே அளவில் அனுப்புங்கள். கிடைத்த விடை இயலக்கூடியதா என்றும் பாருங்கள்: கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி ஆகும், நெல்லையிலிருந்து சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்குச் சென்று திரும்ப 6 மில்லிநொடிக்குக் குறைவாக எந்தக் கருவி காட்டினாலும் அந்தப் பதில் சென்னையிலிருந்து வரவில்லை.

ராதாபுரம் இணைப்புக்கு எழுதிய திட்டம்

கேள்வி: வகுப்பு நேரத்தில் குரல் அறுந்துபோகும் அளவுக்கு இழப்போ தாமதமோ எவ்வளவு நேரம் இருக்கிறது? அடுக்குகள்: காலை 9 முதல் 10, 10 முதல் மாலை 4, மாலை 4 முதல் இரவு 10, மீதி நேரம். அடித்தளமாக நாள் முழுதும் சராசரி 10 நொடி இடைவெளியில் பாய்சான் சோதனைகள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,640. அதன்மேல், முதல் இரண்டு அடுக்குகளில் மணிக்கு ஆறு முறை, சமவாய்ப்பு நேரத்தில் தொடங்கும் 10 நொடிக் குரல் ஓட்டங்கள். பெரிய கோப்பை அனுப்பி வேகம் பார்க்கும் சோதனையை வகுப்பு நேரத்தில் வைக்கவில்லை; அது தானே நெரிசலை உண்டாக்கிவிடும்.

திரும்பாத பாக்கெட்டைத் தாமதப் பட்டியலிலிருந்து நீக்காமல், "வரவில்லை" என்றே பதிகிறேன். நீக்கினால் மோசமான நேரங்களே கணக்கிலிருந்து காணாமல் போய், விழுக்காட்டுமானம் அழகாகத் தெரியும். சராசரியாகச் சுருக்காமல் ஒவ்வோர் அளவையும் அப்படியே சேமிக்கிறேன்: வரிக்கு 40 பைட் என்றால், அடித்தளச் சோதனைகள் மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 31 எம்பிதான். கம்பத்தின் உயரம் மாறினாலோ, இணைப்பு கண்ணாடி இழைக்கு மாறினாலோ, வருகைப் பதிவு நிரலின் நேரம் மாறினாலோ, இரண்டாம் படியின் ஒரு வார முன்னோட்டப் பதிவை மீண்டும் எடுத்துவிட்டுத்தான் இந்த எண்களைத் தொடர்ந்து பயன்படுத்துவேன்.